வன்னியின் இரண்டு நாற்காலிகள் – 9: எழுந்தவரும் இருந்தவரும்

சென்ற வாரம் உங்களைக் கொழும்பில், காலிமுகத்திடல் கடலோரத்தில், பாராளுமன்றப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாளாக அலைச்சத்தம் கேட்டுக்கொண்டு நின்றிருப்பீர்கள். போதும். வாருங்கள், உள்ளே போவோம்.

1948 டிசம்பர் 10. வெள்ளிக்கிழமை.

சபையில் இருப்பது ஒரே ஒரு மசோதா. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா. இன்று அதன் இரண்டாம் வாசிப்பு.

பெயர் நீளமானது. ஆனால் அது கேட்கும் கேள்வி சின்னது. மலையில் தேயிலை கிள்ளும் தமிழன் இந்த நாட்டுக்காரனா, இல்லையா?

அரச தரப்பு ஆசனங்களைப் பாருங்கள். அங்கே நம்முடைய இருவரும் இருக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஒன்று வர்த்தக அமைச்சர் செல்லப்பா சுந்தரலிங்கத்துக்கு உரியது. வவுனியா உறுப்பினர். மற்றது தபால், தந்தித் தொடர்பு அமைச்சர் கதிரவேலு சிற்றம்பலத்துக்கு உரியது. மன்னார் உறுப்பினர்.

இருவரும் சுயேச்சைகளாக வென்றவர்கள். இருவரும் ஒரே காலத்தில் அமைச்சர் ஆனவர்கள். டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் இருந்த தமிழர்கள் இந்த இருவர்தான். அவர்களைத் தெரிவு செய்ததும் ஒரே வன்னி மண்தான்.

இன்றைக்குப் பிறகு இருவரின் வழியும் ஒன்றாக இருக்கப் போவதில்லை.

ஒருவர் எழுந்து போவார். மற்றவர் இருப்பார்.

யார் எழுந்தார், யார் இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை. அதைச் சொல்வதற்கு முன் உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் பாதை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வயலும் காடும். விடத்தல்தீவைத் தாண்டி வடக்கே போனால் இலுப்பைக்கடவை. பெரிய ஊர் இல்லை. வலையை நம்பியவர்களும் குளத்து நீரை நம்பியவர்களும் வாழும் கரையோரக் கிராமம். டிசம்பர் என்றால் மாரி. காலபோக நெல் பச்சை பிடித்து நிற்கும் காலம்.

ஊரின் பெயரைக் கொஞ்சம் வாயில் வைத்துப் பாருங்கள். இலுப்பை. கடவை.

கடவை என்றால் என்ன என்று வன்னியில் வளர்ந்த பிள்ளையைக் கேட்டால் உடனே காட்டும். வேலி ஓடிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் மட்டும் அது முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து நிற்கும். ஆடு மாடு புக முடியாது. மனிதன் காலைத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் போய்விடலாம். பூட்டு இல்லை, கதவு இல்லை. தாண்டுவதும் தாண்டாததும் அவன் விருப்பம்.

அந்த வெள்ளிக்கிழமை கொழும்புச் சபையில் இருந்ததும் ஒரு கடவைதான்.

*

முதலில் கணக்கு. சேனநாயக்கா ஏன் இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1947 தேர்தல். மக்கள் தெரிவு செய்யும் ஆசனங்கள் 95. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42. நியமன உறுப்பினர்கள் 6 பேர். அவர்களையும் சேர்த்தால் 48. மொத்தச் சபை 101 பேர். பாதியைத் தாண்ட 51 வேண்டும்.

மூன்று குறைகிறது!

மறுபக்கம் சும்மா இருக்குமா? எச். ஸ்ரீநிஸங்கவின் ‘யமுனா’ இல்லத்தில் எதிரணியினர் கூடினார்கள். இடதுசாரிகள், சுயேச்சைகள், இன்னும் பலர். நாமே அரசு அமைக்கலாம் என்று பேசினார்கள். பேச்சு நீண்டது. ஒற்றுமை மட்டும் வரவில்லை.

சேனநாயக்கா காத்திருக்கவில்லை. சுயேச்சைகளைத் தேடிப் போனார். 21 சுயேச்சைகள் வென்றிருந்தார்கள். அவர்களில் தமிழர் சிலர் தன் பக்கம் வந்தால் இரண்டு இலாபம். எண்ணிக்கையும் கூடும், அமைச்சரவைக்குத் தமிழ் முகமும் கிடைக்கும்.

வடமாகாணத்தில் அப்போது ஒன்பது தொகுதிகள். ஆறைத் தமிழ்க் காங்கிரஸ் வாரிக்கொண்டது. மிச்சம் மூன்று. ஊர்காவற்றுறை, வவுனியா, மன்னார். மூன்றிலும் வென்றவர்கள் சுயேச்சைகள். ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் குரல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இடி மாதிரி முழங்கிய தேர்தல் அது. வன்னியோ அந்த இடிக்கு அசையவில்லை.

பொன்னம்பலத்துக்கு இந்த மண் புதிதல்ல. 1931இல், யாழ்ப்பாணத்துத் தொகுதிகள் நான்கும் தேர்தலைப் புறக்கணித்தபோது, மன்னார்–முல்லைத்தீவில் மட்டும் வாக்களிப்பு நடந்தது. இளம் சட்டத்தரணி பொன்னம்பலம் அங்கே வந்து நின்றார். தோற்றார். வன்னிக்காரன் பேச்சைக் கேட்பான், கைதட்டுவான், வாக்கைத் தன் கணக்குப்படி போடுவான். அன்றே தெரிந்த சங்கதி இது.

இந்த மண்ணுக்கு இரண்டு ஆசனங்கள் கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் கொடுத்தது. அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் சேர்த்தது. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் காடும் குளமுமான வன்னிக்கு என்ன கிடைத்திருக்கும்? நிலத்தையும் எண்ணியதால்தான் வன்னியின் குரலுக்குச் சபையில் இடம் வந்தது.

நிலத்தின் பெயரால் வந்த ஆசனம் என்று இதை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

இப்போது மனிதர்களைப் பார்ப்போம்.

சுந்தரலிங்கம் உரும்பிராய்க்காரர். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர். கூர்மையான மூளை, அதைவிடக் கூர்மையான நாக்கு. 1936இல் அரசாங்க சபையில் முழுக்கச் சிங்கள அமைச்சரவை அமைந்தபோது, எந்தக் குழுவில் யார் இருந்தால் யார் தலைவராவார் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் இவர்தான் என்று இன்றும் சொல்வார்கள். தமிழருக்கு எதிராக முடிந்த அந்தக் கணக்கு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் இதே மனிதர்தான் ‘அடங்காத் தமிழன்’ ஆனார்.

சிற்றம்பலம் வேறு வார்ப்பு. சிவில் சேவைக்காரர். கோப்பு, குறிப்பு, ஒப்பம், அடுத்த கோப்பு. ஆட்சி இயந்திரம் எந்தப் பல்லில் எந்தப் பல் கடித்துச் சுற்றுகிறது என்று உள்ளிருந்தே பார்த்தவர். மேடை முழக்கத்தால் ஒரு பாலமும் எழும்பாது, கந்தோரில் ஒரு கையெழுத்து விழுந்தால்தான் எழும்பும் என்பது அந்த உத்தியோகம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம்.

அப்படிப்பட்டவரை மன்னார் ஏன் தெரிவு செய்தது என்று கேட்கிறீர்களா? இலுப்பைக்கடவை மாதிரி ஓர் ஊரில் நின்று யோசியுங்கள். மாரியில் பாதை வெள்ளத்தில் போகும். குளக்கட்டு உடைந்தால் கச்சேரிக்கு மனு எழுத வேண்டும். மனு எங்கே போகும், யார் மேசையில் தூங்கும் என்று தெரிந்த ஒருவர் கிடைத்தால் ஊர் விடுமா?

தெரிவு செய்தார்கள். அமைச்சராகவும் ஆனார். கொழும்பில் நம்முடைய ஆள் இருக்கிறார் என்று மன்னார் சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. தபால் இலாகா அவர் கையில். மலையிலிருந்து திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போகும் கடிதங்கள், பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் அனுப்பும் காசுக்கட்டளைகள், எல்லாம் அவருடைய இலாகாவின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தக் கடிதங்களை அனுப்பியவர்களைப் பற்றித்தான் இன்று மசோதா.

*

இங்கேதான், வாசகரே, மன்னாருக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு வருகிறது. யாழ்ப்பாண உறுப்பினருக்கும் மட்டக்களப்பு உறுப்பினருக்கும் இல்லாத கணக்கு.

மலையகத் தமிழர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்த மண் எது?

மன்னார்க் கரை.

இராமேசுவரப் பக்கத்திலிருந்து தோணியேறி, மன்னார்த் தீவிலும் அரிப்பிலும் இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கு வண்டி இல்லை, இரயில் இல்லை. நடை. காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, பிறகு மாத்தளை. குடிக்கக் கிடைத்தது குட்டைத் தண்ணீர். வாந்திபேதி வந்தால் வழியோரமே பாயும் படுக்கையும். அப்படிப் படுத்து எழும்பாதவர்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அந்த வடக்கு வழியின் வாசல் மன்னார்.

பிறகு 1914இல் தலைமன்னாருக்கு இரயிலும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தன. நடை முடிந்தது. வாசல் மாறவில்லை. வந்தவர்களோடு ஒரு சின்னத் தகரமும் வந்தது. கயிற்றில் கோத்த வட்டத் தகரம். அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த இரயில், எந்த மலை, எந்தத் தோட்டம் என்று ஆளை அனுப்பினார்கள். வழிச்செலவு துரையின் பேரேட்டில் ஏறும். கைக்குள் மூடிப் பிடிக்கலாம், அவ்வளவு சின்னது. அதற்குள் ஒரு மனிதனின் ஆயுள் முழுக்க அடங்கிவிட்டது.

தகரத்தில் எண் போட்டு அழைத்து வந்த அரசுதான் இப்போது கேட்கிறது: நீ எப்போது வந்தாய், பத்திரம் காட்டு!

மசோதா விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள். 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும். திருமணமானவர் 7 ஆண்டு. திருமணமாகாதவர் 10 ஆண்டு. வருமானம் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வேண்டும்.

லயத்தில் பிறந்து, லயத்தில் மணம் முடித்து, லயத்தில் சாகும் மனிதனிடம் எந்த அத்தாட்சி இருக்கும்? பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஒருமுறை ஊருக்குப் போய்த் தாயின் முகம் பார்த்துவிட்டு வந்தால் ‘தொடர்ச்சி’ அறுந்துவிட்டதா, இல்லையா? அதற்கு யார் பதில் சொல்வது?

இது இரண்டாவது அடி. முதல் அடி அந்த ஆகஸ்டிலேயே விழுந்துவிட்டது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா என்று கேட்டது அது. ஏழு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். ‘சரி, வேண்டுமானால் மனுப் போடுங்கள், பார்க்கலாம்’ என்று சொன்னதுதான் டிசம்பர் மசோதா.

சேனநாயக்காவின் நோக்கம் ஒன்றும் மறைவானதில்லை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து தொண்டமானும் சி. வி. வேலுப்பிள்ளையும் இன்னும் சிலரும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் சபைக்குள் வந்திருந்தார்கள். அவர்கள் நிற்காத மலைத் தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குக் கை கொடுத்தது. முதலாளி தரப்பு அதைக் கண்டு மிரண்டது. கண்டிச் சிங்களத் தலைவர்கள் ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கு இல்லாமல் போனால் இரண்டு தலைவலியும் ஒரே மருந்தில் தீரும்.

இன்னொன்றும் உண்டு. தொகுதி பிரிக்கும்போது தோட்டத்துத் தலைகளும் எண்ணப்பட்டன. வாக்கைப் பறித்த பிறகும் அந்தத் தலைகளின் பெயரால் வந்த ஆசனங்கள் இருக்கும். அவற்றில் உட்காருபவர் மட்டும் வேறாக இருப்பார்.

நிலத்தின் பெயரால் வன்னிக்கு ஆசனம் வந்தது என்றேனே. மலையில் மனிதரின் பெயரால் வந்த ஆசனத்திலிருந்து அந்த மனிதரே இறக்கப்படப் போகிறார்.

*

மீண்டும் சபைக்கு வருவோம்.

ஆகஸ்டில் என்ன நடந்தது என்பதை மறக்க வேண்டாம். முதல் மசோதா வந்தபோது எதிரணியில் இருந்து எஸ். ஜே. வி. செல்வநாயகம் பேசினார். மெல்லிய குரல், மேடைக்கான குரல் இல்லை. ஆனால் சொன்னது முழுச் சபைக்கும் எச்சரிக்கை. இன்று மலையகத் தமிழனை அடிக்கிற கை, நாளை மொழி என்று வரும்போது நம்மையும் அடிக்கும் என்ற பொருளில் பேசினார். அப்போது சுந்தரலிங்கமும் சிற்றம்பலமும் அரசோடுதான் நின்றார்கள்.

செப்டம்பரில் இன்னொரு திருப்பம். முதல் மசோதாவை எதிர்த்த பொன்னம்பலமே அமைச்சரவைக்குள் வந்துவிட்டார்! கைத்தொழில், மீன்பிடி அமைச்சர். ஒரே கூரையின் கீழ் இப்போது தமிழ் அமைச்சர்கள் மூன்று பேர்.

டிசம்பர் வந்தது. மசோதாவும் வந்தது.

பொன்னம்பலம் இம்முறை அரசின் பக்கம். அவருடைய கட்சியிலேயே செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் வன்னியசிங்கமும் எதிர்ப்பக்கம். செனட்டர் நாகநாதனும் அவர்களோடு. தமிழ்க் காங்கிரஸ் நடுவில் பிளக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பிறக்கப்போகும் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு அன்று அந்தச் சபையில்தான் கரு விழுந்தது.

இந்தக் கொதிப்பின் நடுவில்தான் வவுனியா உறுப்பினர்.

அமைச்சர் என்றால் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். எதிர்த்து வாக்களிக்க முடியாது. பதவியோடு இருந்துகொண்டு மௌனமாக நிற்கவும் முடியாது. வாக்கு ‘ஆம்’ என்றுதான் விழ வேண்டும். ஆகஸ்டில் அப்படித்தான் விழுந்தது.

ஒரு கணக்குப் பேராசிரியர் முன்னால் அந்த நிபந்தனைகளை வையுங்கள். 7 ஆண்டு, 10 ஆண்டு, 1946, இரண்டு ஆண்டுக் கெடு, அத்தாட்சி. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது எத்தனை பேர்? அவருக்கா தெரியாது?

சுந்தரலிங்கம் எழுந்தார்.

சபையை விட்டு வெளியே நடந்தார்.

அமைச்சர் ஒருவர் தன் அரசின் மசோதாவுக்குக் கை உயர்த்தாமல் வெளியேறுகிறார்! சேனநாயக்கா விடுவாரா? விளக்கம் கேட்டார். சுந்தரலிங்கம் விளக்கம் கொடுக்கவில்லை. பதவியைக் கொடுத்தார்.

அவருடைய நெஞ்சில் அன்று இருந்தது என்ன? மலையகத் தமிழர்மேல் வந்த இரக்கமா? ஆகஸ்டில் போட்ட வாக்கு உறுத்தியதா? தனக்கு ஒத்துவராத பொன்னம்பலம் அதே அமைச்சரவையில் வந்து உட்கார்ந்த கசப்பா? 1936ஆம் ஆண்டுக் கணக்குக்கு ஒரு பிராயச்சித்தமா? மனித மனம் ஒரே நூலில் நெய்த துணி இல்லை. எல்லா நூலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நூல் எதுவானாலும் கால் எழுந்தது. கடவையைத் தாண்டியது. அதுதான் வரலாற்றில் பதிந்தது.

மன்னார் உறுப்பினர்?

அவர் எழவில்லை.

அமைச்சர் பதவியை விடவில்லை. அரசை விடவில்லை.

*

சிற்றம்பலத்தைத் திட்டுவது சுலபம். நானும் பல நாள் திட்டியிருக்கிறேன். இந்தத் தொடருக்காக அந்த ஆண்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, அவர் இடத்தில் உட்கார்ந்து பார்க்கவும் முயன்றேன்.

எழுந்து போனால் என்ன ஆகும்? மசோதா நிற்குமா? நிற்காது. சேனநாயக்காவிடம் இப்போது போதுமான கைகள் இருந்தன. பொன்னம்பலமும் வந்துவிட்டார். 1947இல் மூன்று குறைந்த அரசுக்கு 1948இல் ஒரு சிற்றம்பலம் போனாலும் ஆட்டம் இல்லை. போவதால் மலையகத் தமிழனுக்கு ஒரு வாக்கும் திரும்பி வராது. மன்னாருக்கோ கொழும்பில் இருந்த ஒரே ஆளும் இல்லாமல் போவார். உள்ளே இருந்தால் நாளைக்கு ஒரு பாதை, ஒரு தபால் கந்தோர், ஒரு குளக்கட்டு.

சிவில் சேவை மனம் இப்படித்தான் கூட்டிக் கழித்திருக்கும் என்பது என் கணிப்பு. அந்தக் கணக்கில் பிழை எங்கே?

வாசலில்.

தன் தொகுதியின் கரையில் இறங்கி, தன் தொகுதியின் காட்டு வழியே நடந்து, தன் தொகுதியின் மண்ணில் விழுந்து புதைந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றிய மசோதா அது. மற்ற உறுப்பினர்களுக்கு அவர்கள் மலைநாட்டின் பிரச்சினையாக இருந்திருக்கலாம். மன்னார் உறுப்பினருக்கு அவர்கள் தன் வாசலால் வந்த விருந்தாளிகள். வாசலில் வரவேற்ற வீட்டுக்காரனே அவர்களை வெளியே அனுப்பும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்கு என்ன பெயர்?

வாக்குக்குப் பலன் இல்லை என்று தெரிந்தாலும், அந்த வாக்கைப் போட மறுப்பதற்கு ஒரு பொருள் உண்டு. உன்னோடு நான் இருக்கிறேன் என்று தோற்கப்போகிறவனிடம் சொல்லும் சொல் அது. அந்தச் சொல்லை மன்னாரின் நாற்காலி அன்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத வலி.

அந்த நாளுக்கு இன்னொரு முகமும் உண்டு. கேளுங்கள்.

அதே டிசம்பர் 10. பாரிஸ் நகரம். ஐக்கிய நாடுகள் சபை கூடியிருக்கிறது. ஒரு பிரகடனம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆதரவு 48. எதிர்ப்பு ஒன்றுமில்லை. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. அதன் 15ஆவது பிரிவு, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது.

ஒரே நாள். அங்கே உலகத்துக்கே குடியுரிமை பேசினார்கள். இங்கே ஏழு இலட்சம் பேர் தங்கள் குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கட்டும் என்றார்கள். இலங்கைக்கு ஐ. நா. சபையில் அப்போது ஆசனம் இல்லை. அது 1955இல்தான் வந்தது.

*

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இனி வரும் வாரங்களுக்கு அது தேவை.

மசோதா சட்டமானது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜை இல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து போனது. சட்டத்தை ஏற்பதா, மறுப்பதா என்று மலையகத் தலைவர்கள் முதலில் தயங்கினார்கள். கெடு நெருங்கியதும் மனுக்கள் மலைபோலக் குவிந்தன. அந்த மனுக்களில் இருந்தவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். பல ஆண்டுகள் இழுத்தடித்துக் கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறு பேர் வரிசையில் நின்றால் ஒருவருக்குத்தான் கதவு திறந்தது.

1952இல் பொதுத்தேர்தல் வந்தது. முந்திய தேர்தலில் மலையகத்திலிருந்து வந்த உறுப்பினர்களில் ஒருவர்கூடச் சபைக்குத் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்கள்? அவர்களுக்கு வாக்களித்தவர்களின் பெயர்களே இடாப்பில் இல்லையே!

வடக்கு என்ன தீர்ப்புச் சொன்னது?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எச்சரித்தாரே செல்வநாயகம், அவர் காங்கேசன்துறையில் தோற்றார்! வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன். புதிதாகப் பிறந்த தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். கோப்பாயும் திருகோணமலையும்.

வவுனியாவில்? எழுந்து போன சுந்தரலிங்கம் வென்றார்.

மன்னாரில்? எழாமல் இருந்த சிற்றம்பலமும் வென்றார்!

எழுந்தவருக்கும் மாலை. இருந்தவருக்கும் மாலை. எச்சரித்தவருக்குத் தோல்வி. வரலாறு நீதி சொல்லும் என்று பொறுமையாக நம்பியவர்களுக்கு 1952 கொடுத்த அடி அது.

இலுப்பைக்கடவைக்காரன் அன்று எதை நினைத்து வாக்களித்தான்? அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. மலை அவனுக்குத் தூரம். பாதை, குளம், மனு எல்லாம் பக்கத்தில். பறிபோனது அடுத்தவன் வாக்கு. தன் வாக்கு கையில் பத்திரமாக இருந்தது. அடுத்தவன் வேலி எரியும்போது தன் வேலியில் ஈரம் இருக்கிறது என்று நம்புவது மனித சுபாவம்தானே.

சிற்றம்பலம் மீண்டும் கொழும்புக்குப் போனார். இருந்ததே சரி என்று மன்னார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்திருந்தால், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் காற்று திரும்பிக்கொண்டிருந்தது.

மலையில் தொடங்கிய நெருப்பு மலையோடு நிற்கவில்லை. செல்வநாயகம் மெல்லிய குரலில் சொன்ன ‘நாளை’ வந்துகொண்டிருந்தது. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தெற்கில் ஊர் ஊராகப் பரவியது. 1956 தொடக்கத்தில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடும் அதே முழக்கத்துக்குத் தலையை ஆட்டிவிட்டது. இம்முறை தொட்டது அடுத்தவன் வேலியை அல்ல. கச்சேரிக்கு எழுதும் மனு எந்த மொழியில் எழுதப்பட வேண்டும் என்பது இலுப்பைக்கடவைக்காரனின் சொந்தக் கேள்வி ஆகிவிட்டது.

தமிழரசுக் கட்சி வன்னிக் கரைக்கு இறங்கியது. ஒரு வேட்பாளர் பெயர் மன்னாரில் காதோடு காதாகப் பரவத் தொடங்கியது.

வி. ஏ. அழகக்கோன்.

ஒன்பது ஆண்டாக ஒரே பெயரைச் சபைக்கு அனுப்பிவந்த தொகுதி. எட்டு ஆண்டுக்கு முன் தன் உறுப்பினர் எழாததைப் பார்த்துக்கொண்டிருந்த தொகுதி. இப்போது வாக்குச்சீட்டு அதன் கையில் இருக்கிறது. முழங்கால் உயர வேலி முன்னால் இருக்கிறது.

1948இல் கடவை முன்னால் நின்றவர் உறுப்பினர். 1956இல் அங்கே வந்து நிற்பவன் வாக்காளன்.

அவன் காலைத் தூக்கினானா?

அடுத்த வாரம்.